பிறன் வீட்டு முருங்கை

'பிறன்' என்று யாராவது பேச்சில் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? எனக்குத் தெரிந்து அந்தச் சொல் இப்போது இரண்டு இடங்களில்தான் குடியிருக்கிறது. ஒன்று, திருக்குறளின் 15ஆம் அதிகாரம். அங்கே அவன் ஊரார் கண்ணிலிருந்து மனைவியைக் காக்க வேண்டிய அப்பாவிக் கணவன். இன்னொன்று, எங்கள் வீட்டுப் பழைய வேதாகமம். 1871-இல் பவர் ஐயர் தலைமையில் வந்த அந்த மொழிபெயர்ப்பில், பத்துக் கட்டளைகளிலேயே பிறன் தன் வீடு, மனைவி, எருது, கழுதை சகிதம் வந்துவிடுகிறான். இயேசு சொன்ன இரண்டு பெரிய கட்டளைகளிலும் அப்படித்தான்: முதலாவதில் தேவன், இரண்டாவதில் பிறன்.

மூலத்தில் அவன் பிறன் இல்லை என்பதுதான் கொஞ்ச நாளாக என்னைக் குடைகிறது. எபிரெயச் சொல்லில் தோழன், கூட்டாளி என்கிற வாடை உண்டு. கிரேக்கச் சொல்லுக்குக் கிட்டத்தில் இருப்பவன் என்று பொருள். 1995-இல் வந்த திருவிவிலியம் 'அடுத்திருப்பவர்' என்று ஒழுங்காகச் சொல்லிவிட்டது. நம் பழைய ஆட்களோ, கிட்ட இருப்பவனைப் போய் 'நான் அல்லாதவன்' ஆக்கியிருக்கிறார்கள். சறுக்கல் என்றுதான் நினைத்தேன். அப்புறம் ஆச்சி ஞாபகம் வந்தது.

ஆச்சி வீடு நாசரேத்துப் பக்கம், செந்தேரி மண் ஊர். கடவுளிடம் அன்புகூருவதில் அவளுக்கு ஒரு சிரமமும் இருந்ததில்லை. விடிகாலை நாலரைக்கு ஜெபம். உலையில் அரிசி போடுமுன் ஒரு கைப்பிடி எடுத்துக் காணிக்கை டப்பாவில் போடுவாள். வெள்ளாளன்விளை அசரியாவும் கூட்டாளிகளும் 1903-இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய மிஷனெரி சங்கம், முதலில் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கலுக்கு ஆள் அனுப்பியதை நேற்று நடந்ததுபோலச் சொல்வாள். முகம் பார்த்திராத தெலுங்குப் பிள்ளைகளுக்காகக் கண்கலங்குவாள்.

மதிலுக்கு அந்தப் பக்கம் மட்டும் அன்பு போகவில்லை. அங்கே மேலவீட்டு ஆச்சியும் அவளுடைய முருங்கையும் இருந்தார்கள். ஐப்பசி பிறந்தால் கம்பளிப்பூச்சி மரத்தூரை அப்பிக்கொள்ளும். சாய்ந்த கிளை வழியே மதிலில் இறங்கி எங்கள் கொடித் துணியில் ஏறும். கிளையை வெட்டச் சொல்லி ஆச்சி மூன்று வருஷம் கேட்டாள். நாலாம் வருஷம், மேலவீட்டார் கல்யாணத்துக்குப் போயிருந்த நாள் பார்த்து, ஆளை வைத்துத் தானே வெட்டிப்போட்டாள். அதோடு பேச்சு நின்றது.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. பகை இருந்தால் முதலில் போய் ஒப்புரவாகிவிட்டு வா என்பது மலைப்பிரசங்கத்துக் கண்டிப்பு. ஊரில் பாதிப் பேர் அதைக் காதில் வாங்காமல் கிராதியண்டை போய் முழங்காற்படியிடுவார்கள். ஆச்சி போகவில்லை. மேலவீட்டு ஆச்சியும் போகவில்லை. கோயிலே எழுந்து முன்னால் நகரும்போது, பெண்கள் பக்கத்துப் பாயில் இரண்டு வெள்ளைச் சேலைகள் மட்டும் மிஞ்சும். நடுவில் ஏழெட்டு முழம் வெறும் பாய்.

"ஏன் ஆச்சி போகல?" என்று ஒருதரம் கேட்டேன்.

"கர்த்தர்கிட்ட நடிக்க முடியுமால?"

சமாதானமாகிற அளவுக்கு இளக்கமும் இல்லை, நடிக்கிற அளவுக்குத் துணிச்சலும் இல்லை. இப்படி இரண்டு பேரை நான் அப்புறம் எங்கும் பார்க்கவில்லை. ஒன்றரை வருஷம் உட்கார்ந்தே இருந்தார்கள். கடவுளை நேசிப்பதில் ஒரு சௌகரியம் உண்டு: அவர் மதிலோரம் முருங்கை வைப்பதில்லை.

நல்ல சமாரியன் கதையை எல்லோரும் அந்நியனுக்கு உதவிய கதையாகச் சொல்கிறார்கள். எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் சுமார் ஆயிரம் மீட்டர் இறங்குகிற பாதை, குற்றுயிராய்க் கிடந்தவன், சத்திரக்காரனிடம் கொடுத்த இரண்டு பணம் என்று ஒன்று விடாமல் சொல்வார்கள். யூதரும் சமாரியரும் அந்நியர்களா என்ன? இரண்டு பேருக்கும் மோசேயின் ஐந்து புத்தகங்களும் வேதம்தான், இரண்டு பேருக்கும் ஒரே கடவுள். சண்டை, அவரை எருசலேமில் தொழுவதா கெரிசீம் மலையில் தொழுவதா என்பதில் வந்தது. சுத்தமான மதில் தகராறு. கதை முடிந்ததும், யார் அவனுக்குப் பிறனாக நடந்தான் என்று இயேசு கேட்டால், 'எனக்குப் பிறன் யார்' என்று கேட்டு அந்தக் கதையை வரவழைத்த நியாயசாஸ்திரிக்குச் சமாரியன் என்ற சொல் வாயில் வரவில்லை. இரங்கினவன் என்று சுற்றிவளைத்துச் சொல்லிவிட்டுப் போகிறார். மேலவீட்டு ஆச்சியை 'அந்தப் பொம்பள' என்றே ஒன்றரை வருஷம் ஆச்சி சொல்லிக்கொண்டிருந்ததுபோல.

ஆக, மொழிபெயர்ப்பு சறுக்கவில்லை என்றே இப்போது படுகிறது. தோர்ணக்கல் பிள்ளைகள் ஆச்சிக்குப் பிறர் இல்லை. கூப்பிடு தூரத்தில் இருந்தவள்தான் பிறன்.

பேச்சு நின்று ஒன்றரை வருஷமான கார்த்திகையில் மேலவீட்டு ஆச்சி காய்ச்சலில் படுத்தாள். பேச்சுத் தாண்டாத மதிலை இருமல் தாண்டியது. இரண்டு ராத்திரி பொறுத்த ஆச்சி, மூன்றாம் நாள் மிளகு ரசம் வைத்துத் தூக்குவாளியில் ஊற்றி என் கையில் கொடுத்தாள். "நான் குடுத்தேன்னு சொல்லாத." வேறு யார் கொடுத்தது என்று சொல்வது? நான் ஒன்றும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாதல்லவா? நாலாம் நாள் வாளி வந்தபோது வாய்வரை முருங்கைக்கீரை இருந்தது.

ஆச்சி அதைச் சுளகில் கொட்டி, ஒவ்வொரு இணுக்காக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "பூச்சி கெடக்கும். அவ மரம்லா." பார்த்து முடித்து, துவரம்பருப்புப் போட்டுக் கூட்டு வைத்தாள். நல்ல கீரை என்று மட்டும் சொல்லவில்லை.

அடுத்த முதல் ஞாயிறு. பந்தி நகரத் தொடங்கியதும் ஆச்சி எழுந்தாள். இரண்டு எட்டு வைத்தவள் நின்று, தலையில் முக்காட்டைச் சரிசெய்கிற சாக்கில் பின்னால் திரும்பினாள். நானும் ஆண்கள் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தேன்.

பிறன் எழுந்து சேலையை உதறிக்கொண்டிருந்தாள்.