கண்டக்டர், நுஸ்ரத்கட் ஒண்ணு!

செஞ்சி போகிறவர்கள் ராஜகிரி உச்சியைத் தொட்டு, நாக்குத் தள்ள இறங்கி, சோடா குடித்துவிட்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். மொகலாயர்கள் இந்த ஊருக்குப் புதுப் பெயர் சூட்டி, ரூபாயே அடித்தது தெரியுமோ?

1690-ல் முற்றுகை போட்ட தளபதி ஜுல்பிகர் கானுக்குக் கோட்டை வசப்பட 1698 ஆகிவிட்டது. சிவாஜி மகன் ராஜாராம் அதற்குள் நைஸாக நழுவிவிட்டார்! தளபதியின் பட்டம் நுஸ்ரத் ஜங். ஊர் 'நுஸ்ரத்கட்' ஆனது, காசிலும் ஏறியது.

கரூர் அமராவதி மணலில் கிடைத்த ரோமானியச் செப்புக்காசுகளில் சக்கரவர்த்தியின் மூஞ்சி இருக்கும். படிக்கத் தெரியாதவனுக்கும் ராஜா யாரென்று புரியும். ஔரங்கசீப் ரூபாயிலோ வெறும் பாரசீக எழுத்து. செஞ்சிச் சந்தையில் எத்தனை பேர் அதை வாசித்திருப்பார்கள்? பெயர் காசோடு நின்றுவிட்டது.

சந்தேகமா? கண்டக்டரிடம் "நுஸ்ரத்கட் ஒண்ணு" என்று கேட்டுப் பாருங்கள். திண்டிவனத்திலேயே இறக்கிவிடுவார்.