'டிக்' என்று மட்டும் சொல்லும் வண்டி

காலையில் செல்ஃப் அடித்தால் உடனே கிளம்பும். வயல் பார்த்துவிட்டு வெயிலில் திரும்பும்போது 'டிக்' சத்தம் மட்டும்தான். கிக்கரும் இல்லாத பழைய வண்டி. ஆறு மணிக்கு மேல் பஸ் இல்லாத ஊர்களுக்குப் போகிறவனுக்கு இது விளையாட்டில்லை.

புது பேட்டரி போடச் சொன்னார் மெக்கானிக். எனக்கு மனம் ஒப்பவில்லை. பேட்டரி 12.6 வோல்ட் காட்டியது. பட்டனை அழுத்தும்போதும் பிரேக் லைட் மங்கவில்லை. மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜினிலும் வைத்து, பையனைப் பட்டனை அழுத்தச் சொன்னேன். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது 4 வோல்ட் காட்டியது. எர்த் ஒயர் முனையில் பச்சைக் களிம்பு! உர மூட்டை ஏற்றும் வண்டிகளில் இது சீக்கிரமே பிடிக்கும்.

உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, வாஸ்லின் தடவினேன். நீங்கள் செய்யும்போது பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள்.