காது பழகும் காடு

மழைக்காட்டுக்குப் பறவை பார்க்க வருகிறவர்கள் முதல் அரைமணி நேரத்துக்குள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "என்னங்க, ஒரு பறவையையும் காணோமே?" வேடந்தாங்கலிலும் கூந்தன்குளத்திலும் பார்த்துப் பழகிய கண் அது. ஏரியில் நாரையும் கூழைக்கடாவும் வெட்டவெளியில் நிற்கும். கரையில் உட்கார்ந்து நிதானமாக எண்ணலாம். வால்பாறையைச் சுற்றியுள்ள காட்டில் வெடிபலாவும் நாங்கும் நூறடிக்கு மேல் ஓங்கி நிற்கின்றன. அவற்றின் கீழே நடுத்தர மரங்கள், அதற்கும் கீழே பிரம்பும் புதரும். வெளிச்சம் தரைக்கு வந்து சேர்வதற்குள் பாதிக்கு மேல் இலைகளிலேயே தங்கிவிடும். இங்கே பறவை இருக்கும் சேதியை முதலில் கொண்டுவருவது காதுதான். வழிகாட்டி என்று எனக்குப் பெயர் இருந்தாலும், வந்தவர்களின் காதைத் திறந்து வைப்பதற்கே என் நேரத்தில் பெரும்பகுதி போகிறது.

அதனால் காட்டுக்குள் நுழையும் முன் பாதையோரத்தில் எல்லாரையும் நிற்கவைத்துவிடுவேன். பேச்சும் கூடாது, பைனாகுலரும் கூடாது. முதலில் கேட்பது குக்குறுவானின் ஓயாத 'குட்ரூ, குட்ரூ'. அது ஒரு மரத்தில் தொடங்கினால் பக்கத்து மரத்திலும் தொடங்கிவிடும். அதற்கு அடியில் சில்வண்டுகளின் இரைச்சல். இந்த இரண்டையும் அடையாளம் கண்டு ஒதுக்கி வைக்கச் சொல்வேன். ஒதுக்கிய பிறகு மிச்சமிருப்பதுதான் அன்றைய காடு. மழைக்காலம் பிடிக்கும் நேரமென்றால் ஓடைப்பக்கம் சீகாரப் பூங்குருவி சீட்டியடிக்கும். பள்ளிக்கூடம் போகும் பையன் பாட்டை நடுவில் மறந்துவிட்டு, மறுபடி தோன்றிய இடத்திலிருந்து சீட்டியைத் தொடர்வதுபோல் இருக்கும் அது. குளிர்காலமென்றால் வடக்கிலிருந்து வலசை வந்த ஆறுமணிக்குருவி விடியலிலும் அந்தியிலும் குரல் கொடுக்கும். இமயமலையிலிருந்து வரும் இலைக்கதிர்க்குருவிகளில் சில இனங்களைக் கண்ணால் மட்டும் பிரித்தறிவது தேர்ந்தவர்களுக்கே கடினம். அவை வாயைத் திறந்தால்தான் பெயர் கிடைக்கும்.

குரல் கேட்ட பிறகு பறவையைக் காட்டுவது தனி வேலை. தீக்காக்கையை வைத்துச் சொல்கிறேன். ஆணுக்குக் கருந்தலை, மார்பில் வெள்ளைப் பட்டை, அதற்குக் கீழே செக்கச்சிவந்த வயிறு. படத்தில் பார்த்தவர்கள் அது தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும் என்று நினைத்து வருகிறார்கள். ஆனால் அது நடுமரத்தில் ஒரு கிளையில் நிமிர்ந்து உட்கார்ந்தால் வெகுநேரம் அசையாது. ஆள் அரவம் கேட்டால் பழுப்பு முதுகைத்தான் நம் பக்கம் திருப்பும். அப்போது அதற்கும் காய்ந்த இலைக்கும் வித்தியாசமே தெரியாது. "அதோ, அந்த மரத்தில்" என்று கை நீட்டினால் பத்துப் பேரும் பத்து மரத்தைப் பார்ப்பார்கள். நீட்டிய கையைப் பார்த்துப் பறவையும் போய்விடும்.

யாரும் தவறவிட முடியாத ஒன்றிலிருந்து நான் தொடங்குவேன். "அக்கா, முன்னால வெள்ளைப் பாசி படிஞ்ச மரம் தெரியுதுங்களா? அதுல கண்ணை மேல ஏத்துங்க. முதல் கவட்டை வருதா? வலதுபக்கக் கிளையிலயே போங்க. ஒரு கொடி தொங்குது பாருங்க. அந்தக் கொடிக்கு ஒரு முழம் இந்தப் பக்கம்." ஒவ்வொரு படியிலும் "தெரியுது" என்ற பதில் வந்த பிறகே அடுத்த படி. இடம் பிடிபட்டதும் பார்வையை அங்கிருந்து எடுக்காமல் பைனாகுலரை மட்டும் கண்ணுக்குக் கொண்டுவரச் சொல்வேன். பெரும்பாலோர் முதலில் கருவியைக் குனிந்து பார்த்துவிட்டு, பிறகு மேலே தேடுவார்கள். அதற்குள் கிளை தொலைந்திருக்கும். இந்த ஒன்று பழகிவிட்டால் பாதிச் சிரமம் தீர்ந்தது. கருவியும் எட்டு மடங்கு போதும். பத்து மடங்கில் உருவம் பெரிதாகும், ஆனால் பார்வை வட்டம் சுருங்கும், கைநடுக்கமும் பெரிதாகும். மங்கல் வெளிச்சத்தில், நெருங்கிய கிளைகளுக்கு நடுவே அது உதவாது.

நாங்கள் கலப்புக் கூட்டம் என்று சொல்வது வரும்போது மட்டும் படிப்படியாக வழி சொல்ல நேரமிருக்காது. வெகுநேரம் வெறிச்சோடிக் கிடந்த காட்டில் திடீரென்று நாலு பக்கமும் குரல்கள். மின்சிட்டுகள் உச்சியில், மரங்கொத்தி நடுத்தண்டில், தலைகீழாக இறங்கிவரும் பசையெடுப்பான், புதருக்குள் சிலம்பன்கள். இவற்றோடு துடுப்புவால் கரிச்சான். மற்றவை கிளறிவிடும் பூச்சிகள் அதற்கு இரை. வல்லூறு வந்தால் முதலில் எச்சரிக்கை கொடுப்பதும் பெரும்பாலும் அதுதான். மற்றப் பறவைகளின் குரலை அச்சாகப் பேசவும் தெரியும். இலங்கையின் சிங்கராஜ மழைக்காட்டில் ஏபன் குடேலும் சரத் கோட்டகமவும் இதை ஆராய்ந்து, கரிச்சானின் போலிக்குரல் மற்ற இனங்களைக் கூட்டத்துக்கு இழுக்கிறது என்று 2006-இல் எழுதினார்கள். அதைப் படித்த பிறகு கரிச்சான் குரலை அலட்சியமாகக் கடந்து போக என்னால் முடிவதில்லை. கரிச்சான் பேசும் திசையில் நின்று காத்திருந்தால் போதும், கூட்டம் நம்மைத் தேடி வரும். பத்து நிமிடத்தில் கடந்தும் போய்விடும். அந்த நேரத்தில் பெயர்களைக் குறிக்க வேண்டாம், பார்த்துக்கொண்டே இருங்கள் என்பேன். பட்டியலைப் பிறகு எல்லாரும் சேர்ந்து எழுதலாம்.

கரிச்சான் செய்வதையே கைப்பேசியால் செய்ய வேண்டும் என்றும் சிலர் கேட்கிறார்கள். பறவையின் குரலைப் பதிவிலிருந்து ஒலிக்கவிட்டால் அது வெளியே வந்துவிடும், படம் எடுத்துவிடலாம். வரும் என்பது உண்மை. ஏன் வருகிறது என்பதைத்தான் யோசிக்க வேண்டும். தன் எல்லைக்குள் இன்னோர் ஆண் புகுந்துவிட்டது என்று நினைத்து, தின்பதையும் கூட்டையும் விட்டுவிட்டுச் சண்டைக்கு வருகிறது. எதிரி கண்ணில் படாததால் தேடிக்கொண்டே இருக்கிறது. தவளைவாயன் பறவையையே எடுத்துக்கொள்ளுங்கள்: பகலில் அடைகாப்பது ஆண். முட்டையும் ஒன்றே ஒன்று. அந்த ஆணைக் கூட்டிலிருந்து கிளப்பிவிட்டு எடுக்கும் படம் யாருக்கு வேண்டும்? என்னோடு வரும் குழுவில் ஸ்பீக்கர் கிடையாது. இதைப் புறப்படுவதற்கு முந்தின நாளே சொல்லிவிடுகிறேன். மனம் மாறி வராமல் போனவர்களும் உண்டு. அந்த வருமானம் போனால் போகட்டும்.

பெரிய இருவாச்சியையும் காதுதான் அறிவிக்கும். அதன் சிறகடிப்பு மலைச்சரிவின் அந்தப் பக்கத்திலிருந்தே 'வூஷ், வூஷ்' என்று கேட்கும். கேட்டதும் வானம் தெரியும் இடைவெளிக்கு எல்லாரையும் நகர்த்திவிடுவேன், தலைக்கு மேல் கடப்பது சில நொடிதான். ஆனால் தை, மாசி மாதங்களில் கூடு இருக்கும் மரத்தை நெருங்குவதே இல்லை. பெண் பொந்துக்குள் போய் வாயிலை அடைத்துக்கொண்டு, இறகு உதிர்த்து, முட்டையிட்டு அடைகாக்கும். வாரக்கணக்கில் அதற்கும், பிறகு குஞ்சுக்கும், உணவு வாயிலில் விட்ட சிறு கீறல் வழியாக ஆண் ஊட்டுவதுதான். தொண்டையில் அடக்கிவந்த அத்திப்பழங்களை ஒவ்வொன்றாக அலகு நுனிக்குக் கொண்டுவந்து கொடுக்கும். நாம் பக்கத்தில் நின்றால் ஆண் வராது. பக்கத்து மரத்தில் பழத்தோடு காத்திருக்கும், உள்ளே இருப்பவர்களுக்குப் பசி. கூட்டு மரங்களைப் பற்றி இந்த மலைகளின் காடர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. கேரளப் பக்கம் வாழச்சாலில் முன்பு குஞ்சுகளை எடுத்து உண்டவர்களே இன்று கூடுகளைக் கண்காணித்துக் காக்கிறார்கள்.

நடையின் கடைசிப் பகுதியை, தோட்டங்களுக்கு நடுவே மீட்டெடுக்கப்பட்ட காட்டுத்துண்டு ஒன்றில் வைத்துக்கொள்கிறேன். சூழலியலாளர்கள் திவ்யா முத்தப்பா, டி.ஆர். சங்கர் ராமன் ஆகியோரின் குழு இரண்டு பத்தாண்டுகளுக்கு மேலாகத் தோட்ட நிர்வாகங்களோடு சேர்ந்து, இந்தக் காட்டு மரங்களையே நாற்றுவிட்டு நட்டு வருகிறது. அங்கே ஒலிப்பதிவுக் கருவிகளை வைத்து ஆராய்ந்தபோது, நட்டுப் பராமரித்த இடங்களில் மழைக்காட்டுப் பறவைகளின் குரல், தானாக வளர விட்ட இடங்களைவிடக் கூடுதலாகக் கேட்டது. சுற்றியுள்ள தோட்டங்களில் தேயிலைக்கு நிழல் தரும் சில்வர் ஓக்கோ ஆஸ்திரேலிய மரம். அதில் இருவாச்சிக்குப் பழமும் இல்லை, பொந்தும் இல்லை. நட்ட மரங்கள் பழம் தரத் தொடங்கினாலும், அவ்வளவு பெரிய பறவை நுழையும் பொந்து விழுமளவுக்குப் பருத்து முதிர இன்னும் பல பத்தாண்டுகள் ஆகும். அதுவரை கூட்டுக்கு இருப்பவை பழைய மரங்கள்தாம். அவற்றில் சில சாலையோரத்தில், சாலையை அகலப்படுத்த வந்தால் முதலில் வெட்டும் இடத்தில் நிற்கின்றன. ஊர் திரும்பும் வண்டியை அங்கே நிறுத்தச் சொல்லி, ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் காட்டி அனுப்புகிறேன்.