வண்டி நிக்குதுபோல

2023 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, அப்பா சிவப்பு வண்டியை ஸ்டார்ட் செய்வதை நாற்பது நொடி வீடியோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டேன். பாட்டரி செத்துப்போன டிராக்டர் அது. முதல் நாள் இரவே மதகு ஏற்றத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருப்பார். காலையில் சக்கரத்துக்கு அண்டைகொடுத்த கல்லைக் காலால் தட்டிவிட்டு, கிளட்சை மிதித்தபடி சரிவில் உருளவிடுவார். பாதிச் சரிவில் காலை எடுத்ததும் வண்டி ஒரு குலுங்கு குலுங்கி, கறுப்பாகப் புகையைக் கக்கிவிட்டு ஓட ஆரம்பிக்கும். ‘அப்பாவும் அவருடைய முதல் காதலும்’ என்று கீழே எழுதியிருந்தேன். இதயங்கள் குவிந்தன. அலுவலகத் தோழி ஒருத்தி அழுதுவிட்டதாகச் சொன்னாள்.

அப்பாவிடம் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தார்.

“பாட்டரி மாத்திக் குடுங்கன்னு நாலு மாசமா கேட்டுக்கிட்டு இருக்கேன் பாப்பா. அதுதான் தெரியுது இதுல.”

எங்கள் ஊர் மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவே, பாமணியாற்றுப் பக்கம். அப்பா 1991லிருந்து ஒரே முதலாளியிடம் டிராக்டர் டிரைவர். வண்டி எங்களுடையது அல்ல, ஒரு நாளும் எங்களுடையதாக இருந்ததில்லை. வீடியோ பார்த்தவர்களில் பாதிப்பேர் எங்களுக்குச் சொந்தமாக நிலமும் டிராக்டரும் இருப்பதாக நினைத்துக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை.

தாத்தா அதே குடும்பத்தில் பண்ணையாளாக இருந்தவர். 1952ல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும், முதலாளியின் அப்பா வரப்பில் வந்தால் தாத்தா ஏரை நிறுத்திவிட்டு வயலுக்குள் இறங்கி நின்றுதான் பேசுவாராம். அப்பாவுக்கு இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கப் பிடிக்காது. ஒரே ஒரு முறை சொன்னார், அதுவும் பாதியில். “நான் சீட்டுல உக்காந்திருப்பேன். அவங்க கீழேருந்து அண்ணாந்து பாத்து, இந்தப் பக்கம் இன்னொரு சால் ஓட்டுப்பான்னு சொல்வாங்க. எஞ்சின் சத்தத்துல காதுல விழலன்னு நான் இன்னொரு தடவ சொல்லச் சொல்வேன்.” அவ்வளவுதான். சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டார்.

அந்த சீட்டு வெறும் இரும்பு. மேலே மடித்த சாக்கு. அதில் உட்கார்ந்து முப்பத்திரண்டு வருடம். கையால் திருப்பும் பழைய ஸ்டியரிங். சேற்றில் கூண்டுச் சக்கரம் மாட்டி சேடை ஓட்டும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் தோள்பட்டையைக் கொடுத்து இழுக்க வேண்டும். கியர் தண்டு இரண்டு கால்களுக்கு நடுவே. அடியில் கியர்பாக்ஸ் சூட்டில் பாதம் வெந்துபோகும். எல்-4, எல்-5 எலும்புகளுக்கு நடுவில் ஜவ்வு பிதுங்கியிருக்கிறது என்று தஞ்சாவூரில் டாக்டர் சொன்னபோது அப்பாவுக்கு நாற்பத்தாறு வயது. என்ன வேலை என்று கேட்டார் டாக்டர். சொன்னதும் பேனாவை மூடிவைத்துவிட்டு, “வேற வேல பாக்க முடியுமா?” என்றார். அன்று ராத்திரியும் அப்பா தாளடிக்கு உழப் போனார், இடுப்பில் பெல்ட்டோடு.

இதெல்லாம் தெரிந்துதான் நான் அந்த வீடியோவுக்கு அப்படி ஒரு வரி எழுதினேன். ஊரைவிட்டுப் போனவர்களுக்குப் பழைய டிராக்டர் மீது வருகிற பாசத்தை ஒரு ஆராய்ச்சியே செய்யலாம். பெயின்ட் உரிந்த பானெட்டும் புகைபோக்கி மேல் கவிழ்த்த டப்பாவும் போட்டோவில் அழகாகத்தான் இருக்கின்றன. வண்டி ஓட்டுகிறவர்கள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. டீக்கடையில் அவர்கள் பேச்சு வேறு மாதிரி. யார் வண்டி எங்கே ஓடுகிறது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்வார்கள். ஹெச்.எம்.டி. ஜெட்டார் 2511க்கு இரண்டே சிலிண்டர், அது ‘டப்பு டப்பு’ என்று தனியாகத் தெரியுமாம். ஃபோர்டு 3600 சத்தத்தில் ஒரு கனம் இருக்குமாம். பெருமையாகத்தான் சொல்வார்கள். ஆனால் அந்தப் பெருமை வண்டியைப் பற்றியது அல்ல, தங்கள் காதைப் பற்றியது. அந்தக் காதும் பலருக்குப் போய்விட்டது. அப்பாவிடம் போனில் பேசும்போது நான் கத்தித்தான் பேச வேண்டும்.

அந்த வருட ஆவணியில் முதலாளி புது வண்டி எடுத்தார். ஐம்பது குதிரைத்திறனுக்கு மேல். அந்த அளவு டிராக்டர்களுக்கு 2023 ஜனவரியிலிருந்து ட்ரெம்-4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்திருந்தது. அதனால் டீசலை அளந்து பீய்ச்சுவதெல்லாம் கம்ப்யூட்டர் கணக்கு. பவர் ஸ்டியரிங். கியர் பக்கவாட்டில். ஸ்பிரிங் வைத்த சீட்டு. எலுமிச்சம்பழம் நசுக்கி முதல் சுற்று போய்வந்த அன்று ராத்திரி அம்மா எனக்கு போன் செய்தாள். “ஒங்கப்பா இன்னிக்கு தைலம் தேய்க்கச் சொல்லலடி.”

நான் ஊருக்குப் போனபோது அப்பா என்னை மட்கார்டில் உட்காரவைத்து ஓட்டிக்காட்டினார். ஒற்றை விரலால் ஸ்டியரிங்கைத் திருப்பினார். திரும்பிப் பார்த்துச் சிரித்தார். கோயில் திருவிழாவில் ராட்டினத்தில் ஏறிய பையன் மாதிரி இருந்தது அந்த முகம். சாயங்காலம் ஆற்றில் வண்டியைக் கழுவி, துணியால் துடைத்து, டேஷ்போர்டுக்கு மட்டும் தனியாக ஒரு மஞ்சள் துணி வைத்திருந்தார். சிவப்பு வண்டிக்கு இந்தச் சேவையெல்லாம் நடந்ததே இல்லை. முதல் காதலாம்!

அந்த ஐப்பசியில் ஒரு கோளாறு வந்தது. மழை இறங்கப் போகிறது, தாளடி நடவுக்கு ஆள் சொல்லியாயிற்று, நட்டநடு வயலில் டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி அணையவில்லை, ஆனால் எவ்வளவு மிதித்தாலும் வேகம் எடுக்கவில்லை. சிவப்பு வண்டியில் டீசல் லைனில் காற்று பிடித்தால் அப்பா ஒரே ஒரு ஸ்பேனரை வைத்து, ஃபில்டர் தலையில் இருக்கும் திருகைத் தளர்த்தி, கை பம்ப்பை அடித்துக் காற்றை வெளியேற்றி, பத்து நிமிடத்தில் கிளப்பிவிடுவார். இதில் கை வைக்க இடமில்லை. இரண்டாம் நாள் ஒரு பையன் லேப்டாப்போடு வந்தான். ஏதோ ஒரு ஒயர் இணைப்பு தளர்ந்திருந்ததாம். அழுத்திவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் போனான்.

இங்கேதான் அப்பாவுக்குக் கோபம் வந்திருக்கும், அவருடைய கைத்தொழிலை மெஷின் பிடுங்கிக்கொண்டது என்று எழுதத் தயாராக இருந்தேன். கேட்டேன்.

“அதுக்கென்ன கோவம்? டாக்டருக்குத் தெரிஞ்சதெல்லாம் நமக்கும் தெரியணுமா? அந்தப் பையன் வந்தான், பாத்தான், போனான். நான் மண்ணுல படுத்து வண்டிக்கு அடியில புகுந்த காலமெல்லாம் போதும்.”

மெஷின் தானாக முடிவெடுப்பதும் அவருக்குப் புதிதல்ல. டிராக்டரின் பின்னால் கலப்பையைத் தூக்கி இறக்கும் இரண்டு நெம்புகோல்களில் ஒன்று ‘டிராப்ட்’. ஹாரி ஃபெர்குசன் என்ற அயர்லாந்துக்காரர் கண்டுபிடித்து 1930களில் விற்பனைக்கு வந்த ஏற்பாடு, இன்றைக்கும் அதே தத்துவம்தான். மண் இறுகிய இடத்தில் இழுவை கூடினால் ஹைட்ராலிக் தானே கலப்பையைக் கொஞ்சம் மேலே தூக்கும், இளகிய இடத்தில் மறுபடி இறக்கும். எங்கள் பக்கத்துக் களிமண்ணில் காய்ந்த புழுதி ஓட்டும்போது இது இல்லாமல் முடியாது. அப்பா அதை மதிப்போடுதான் சொல்வார். “நான் பாக்குறதுக்கு முன்னாடியே அது மண்ணப் பாத்துடும்.” கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு வார்த்தை சேர்த்தார். “ஆனா பாத்தத யாருகிட்டயும் போய்ச் சொல்லாது.”

அது எதைப் பற்றிய பேச்சு என்று எனக்குத் தெரியும்.

புது வண்டியோடு ஒரு ஆப் வந்தது. வண்டி எங்கே நிற்கிறது, எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு டீசல் இருக்கிறது, எல்லாம் போனில் தெரியும். முதலாளிக்கு எழுபது வயது. மகன்கள் வெளியூரில். “ஒம் பொண்ணு கம்ப்யூட்டர் வேலதானப்பா, அத வரச் சொல்லேன்” என்று அப்பாவிடம் சொல்லியனுப்பினார். போனேன். திண்ணையில் அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். எங்கள் வீட்டு ஆள் அந்தத் திண்ணையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை என்று அப்புறம் அம்மா சொன்னாள். காப்பி வந்தது. நான் ஆப்பை இறக்கி, வண்டியைச் சேர்த்து, வரைபடத்தில் அவருடைய நிலத்தையும் வாடகைக்கு ஓட்டும் பக்கத்து ஊர்களையும் சுற்றி ஒரு கோடு போட்டேன். கோட்டைத் தாண்டினால் தகவல் வரும். பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேலை நின்றாலும் தகவல் வரும். பதினைந்தா முப்பதா என்று ஆப் கேட்டது. அவர் என்னைப் பார்த்தார். நான்தான் பதினைந்தைத் தொட்டேன். வேலையில் சுறுசுறுப்பைக் காட்டும் ஒரு விரல் இருக்கிறது நமக்கெல்லாம், அது யோசிப்பதில்லை. அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், பெருமையாக.

சிவப்பு வண்டியில் மணிக்கணக்கு காட்டும் மீட்டர் எனக்கு நினைவு தெரிந்து ஓடியதில்லை. டீசலை மூங்கில் குச்சி விட்டுத்தான் பார்ப்பார். வாடகை ஓட்டின கணக்கு ஒரு நாற்பது பக்க நோட்டில் இருக்கும். யார் வயல், எத்தனை மா, எத்தனை மணிக்கு இறங்கி எத்தனை மணிக்கு ஏறினது. மூன்று மா ஒரு ஏக்கர் என்ற எங்கள் பக்கத்துக் கணக்கில் ஒவ்வொரு வயலுக்கும் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அவருக்கும் வயல்காரருக்கும் தெரியும். ராத்திரி முதலாளி வீட்டில் நோட்டை வாசிப்பார். முதலாளி பணத்தை எண்ணுவார். “சரியாப்பா?” “சரிங்கய்யா.” அந்த நோட்டில் அப்பா ஒரு தடவைகூடத் தப்பாக எழுதவில்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். கைக்குழந்தையோடு நிற்கிற ஒருத்திக்கு அரை மணியைக் குறைத்திருப்பார். வேறு எங்காவது கால் மணியைக் கூட்டி எழுதியிருக்கவும் கூடும். எப்படியோ, அது அவர் சொல், அது செல்லுபடியாயிற்று.

இப்போது நோட்டு இல்லை. போன் வருகிறது. முதலாளி திட்டுவதில்லை, குரல் உயர்த்துவதும் இல்லை.

“என்னப்பா, வண்டி நிக்குதுபோல?”

“டீ குடிக்கிறங்கய்யா.”

“சரி சரி, குடி.”

அவ்வளவுதான் பேச்சு. ஒரு நாள் வயிற்றுப்போக்கு. கருவேலங்காட்டுப் பக்கம் ஒதுங்கியிருந்தபோது போன் அடித்திருக்கிறது. எடுக்காமல் விட்டிருக்கிறார். மறுபடி அடித்திருக்கிறது. அதைச் சொல்லும்போது அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டு வண்டிக்கும் மாற்று டிரைவராக ஒரு தம்பி வருகிறான், இருபத்து மூன்று வயது, ஐ.டி.ஐ. முடித்தவன். சிவப்பு வண்டியைத் தொடவே மாட்டான். இதைப் பற்றி அவனிடமும் கேட்டேன். “பாத்தா பாத்துட்டுப் போறாங்கக்கா. என் போன வெச்சு யாரு யாரோ என்னைப் பாத்துக்கிட்டுதான் இருக்காங்க. எனக்கு இடுப்பு முக்கியம். பெரியப்பா நடக்குறதப் பாக்குறீங்கல்ல?” ஆப் இருப்பதால் டீசல் திருடினான் என்று தன்மேல் யாரும் பழிபோட முடியாது என்பதும் அவன் கட்சி. அவனுக்கு முன்னால் இருந்த பையனை அப்படித்தான் வேலையைவிட்டு நிறுத்தினார்களாம், சிவப்பு வண்டி காலத்தில், குச்சியைக் காட்டி. எனக்குப் பதில் தெரியவில்லை. அப்பாவிடம் சொன்னேன். “அவன் சொல்றது நெசந்தான்” என்றார்.

போன மாசி மாதம் போயிருந்தபோது முதலாளியைப் பார்த்து அந்தப் பதினைந்து நிமிடத் தகவலை அணைத்துத் தரட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன். இரண்டு தொடுதலில் முடிகிற வேலை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

“போய் என்ன சொல்வே?”

“சும்மா தொந்தரவா வருதுன்னு...”

“வேணாம். நான் டீத்தண்ணி குடிக்கிறத எம்பொண்ணு போய் அவருகிட்ட கேட்டு வாங்கிட்டு வரணுமா?”

அம்மா குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் வைக்கோல் ஏற்ற வேண்டியிருந்தது. பெல்ட் வண்டி அறுத்துப்போட்ட வயலில் கட்டுக்கட்டாகக் கிடந்தது. புது வண்டி கொட்டகையில் சும்மாதான் நின்றது. அப்பா இடுப்புப் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு மதகுப் பக்கம் நடந்தார். சிவப்பு வண்டிக்குப் புது பாட்டரி போட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. ஆனாலும் அங்கேதான் நிறுத்தியிருந்தார்.

“இடுப்பு வலிக்கும்பா” என்றேன்.

“ரெண்டு நடைதானே” என்றார்.

நானும் ஏறி மட்கார்டில் உட்கார்ந்தேன். முதல் நடை முடிந்ததும் ஆற்றங்கரைப் புளியமரத்தடியில் நிறுத்தி எஞ்சினை அணைத்தார். தூக்குவாளியைத் திறந்து மூடியில் எனக்கு டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டு, துண்டை விரித்து மண்ணில் மல்லாந்து படுத்தார். ஒரு கையை இடுப்புக்கு அடியில் வைத்துக்கொண்டார். பழக்கத்தில் என் போனை எடுத்து மணி பார்த்தேன். நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. அப்பா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.