சும்மா சுடுகிறேன்

எங்கள் பக்கத்தில் வீட்டுப் பின்புறத்தைப் பொடக்காலி என்போம். அம்மா வீட்டுப் பொடக்காலியில் ஒரு துவைக்கிற கல், இரண்டு தென்னை, ஒரு கறிவேப்பிலை மரம், கடைசியில் ஆளுயரத்துக்கு மண் வரப்பு. வரப்பை ஒட்டி, தேங்காய் மஞ்சியை இறுக்கி அடைத்த பழைய மரப்பெட்டி ஒன்றை வைத்திருக்கிறேன். அதன் முன்னால் ஒரு கம்பியில் ஐந்து சோடா மூடிகள் தொங்கும். துவைக்கிற கல்லிலிருந்து மூடிக்குச் சரியாகப் பத்து மீட்டர். நாடா வைத்து அளந்தேன். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மேல், ஏறுவெயில் இறங்கியதும், அங்கே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து சுடுகிறேன்.

எதற்கு என்று எல்லோரும் கேட்கிறார்கள். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "யாரைச் சுடப் போறீங்க அம்மிணி?" என்று சிரித்தார். அலுவலகத்தில் கூட வேலை செய்கிற பெண், "நல்லதுதான் அக்கா, இந்தக் காலத்துல பாதுகாப்புக்கு ஒண்ணு வேணும்" என்றாள். என் கணவர் கேட்டது இன்னும் மரியாதையானது: "போட்டிக்கு ஏதாவது போறியா?" மூன்று பேருக்கும் சொன்ன பதில் ஒன்றுதான். சும்மா.

அந்தப் பதில் மூன்று பேருக்குமே பிடிக்கவில்லை. பெண் கையில் ஆயுதம் இருந்தால் அதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும். தெய்வமாக இருந்து அசுரனைக் கொல்லலாம். மானத்தைக் காத்துக்கொள்ளலாம். நாட்டுக்குப் பதக்கம் வாங்கித் தரலாம். 2024-இல் பாரிஸில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கியபோது எங்கள் தெருவே கைதட்டியது, நானும் தட்டினேன். ஆனால் ஒரு நாற்பத்தேழு வயதுக்காரி, யார் மேலும் கோபமில்லாமல், எதையும் ஜெயிக்கும் உத்தேசமில்லாமல், சோடா மூடியைச் சுட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பது யாருக்கும் புரிகிற விஷயமாக இல்லை. அதே பொடக்காலியில் என் அண்ணனும் அவன் கூட்டாளிகளும் உண்டிவில்லோடு முழு விடுமுறையையும் கழித்தபோது யாரும் எதற்கு என்று கேட்டதில்லை. நான் அவர்களுக்குக் கல் பொறுக்கிக் கொடுத்திருக்கிறேன்.

துப்பாக்கி அப்பாவுடையது. குழலை மடக்கி இழுத்தால் உள்ளே சுருள்வில் இறுகும், விசையைத் தட்டினால் வில் விடுபட்டுக் காற்றைத் தள்ளும், அந்தக் காற்று குண்டைத் தள்ளும். அவ்வளவுதான் அதன் சூட்சுமம். மருந்தும் இல்லை, புகையும் இல்லை. குண்டு ஈயத்தில் செய்தது, இடை சிறுத்து உடுக்கை மாதிரி இருக்கும், 4.5 மில்லிமீட்டர். இந்த அளவில், 20 ஜூல் சக்திக்கு மிகாமல் இருக்கிற காற்றுத் துப்பாக்கிக்கு நம் நாட்டில் உரிமம் வேண்டியதில்லை. அப்பா அதைக் குரங்கு விரட்ட வாங்கியதாகச் சொல்வார். குரங்கைச் சுட்டு நான் பார்த்ததில்லை. வெடி மாதிரி ஒரு சத்தம் கேட்டால் போதும், குரங்கு ஓடிவிடும். மற்றபடி ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் அண்ணனும் கொட்டாங்குச்சியைச் சுடுவார்கள். நானும் அம்மாவும் அடுப்படி ஜன்னலில் இருந்து சத்தத்தை மட்டும் கேட்போம்.

அப்பா போன பிறகு சொத்து பிரித்தார்கள். மகளுக்கும் சம பங்கு என்று சட்டம் சொல்லியிருந்தும் நான் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். ஏன் போட்டேன் என்பது வேறு கட்டுரை. வீட்டுச் சாமான்களில் என்ன வேண்டும் என்று அண்ணன் கேட்டபோது, பரணில் சாக்குச் சுற்றிக் கிடந்த துப்பாக்கியைக் கேட்டேன். அவன் வேடிக்கை என்று நினைத்தான். "உனக்குத்தான் குறியே வராதே" என்றான்.

அவன் சொன்னது பொய்யில்லை. எனக்குப் பத்து வயதிருக்கும், மாரியாத்தா நோம்பியில் பலூன் சுடுகிற கடை போட்டிருந்தார்கள். பலகையில் வரிசை வரிசையாகப் பலூன். அண்ணன் ஆறில் ஐந்து உடைத்தான். நான் அழுது அடம்பிடித்து அப்பாவிடம் காசு வாங்கி ஆறும் சுட்டேன், ஒன்றும் உடையவில்லை. கடைக்காரர், "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குங்க இது, ராட்டினத்துல ஏத்தி விடுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவும்தான்.

பிறகு கல்லூரியில் என்.சி.சி. சேர்ந்தேன். பாதி ஆசை சீருடை மேல், பாதி ஆசை முகாமில் கிடைக்கும் ஐந்து குண்டுகள் மேல். அது நிஜத் துப்பாக்கி, பாயின்ட் டூ டூ. சுண்டுவிரல் நுனியைவிடச் சின்ன தோட்டா. அதன் பின்விளிம்புக்குள் மருந்து வைத்திருப்பார்கள், ஊசி அந்த விளிம்பைத் தட்டினால் வெடிக்கும். தரையில் கவிழ்ந்து படுத்து, வலது தோளில் கட்டையை அழுத்தி, இடது கண்ணை இறுக மூடி, சொன்னபடியெல்லாம் செய்தேன். ஐந்து குண்டும் எங்கே போயின என்று இன்றுவரை தெரியாது. என் அட்டை வெள்ளையாகத் திரும்பி வந்தது. பயிற்சி கொடுத்தவர் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த பெயரைக் கூப்பிட்டார். எனக்குக் குறி வராது என்பது அதோடு முடிவான விஷயமாகிவிட்டது, உயரம் ஐந்தடி ஒன்று என்பது மாதிரி.

அதனால் பரணிலிருந்து துப்பாக்கியை இறக்கியபோது எனக்குப் பெரிய நம்பிக்கை எதுவும் இல்லை. முதல் நாளே ஒரு முட்டாள்தனம் செய்தேன். துவைக்கிற கல் மேல் தகர டப்பாவை வைத்துச் சுட்டேன். டப்பாவில் படாமல் கல்லில் பட்ட குண்டு திரும்பி வந்து என் காதோரம் விர்ரென்று போனது. கை நடுக்கம் நிற்க அரை மணி நேரம் ஆயிற்று. மண் வரப்பும் மஞ்சிப் பெட்டியும் அதற்கப்புறம் வந்தவை. கல், இரும்பு, தண்ணீர், மரக்கட்டை எதன் மேலும் சுடக்கூடாது, குண்டு தெறிக்கும். கண்ணாடி போடாமல் சுடக்கூடாது. மடக்கிய குழலை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் மறு கையால் குண்டு போட வேண்டும், விசை நழுவினால் குழல் விரலை நசுக்கிவிடும். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் அடுப்படிக்குள் போக வேண்டும், ஈயம் விஷம். தேங்காய் போடுகிறவர் மரத்தில் இருந்தால் அன்றைக்குத் துப்பாக்கி வெளியே வராது. உயிருள்ள எதையும் நான் சுடுவதில்லை. காக்கை வந்து பெட்டி மேல் உட்கார்ந்தால் அது போகிறவரைக்கும் காத்திருக்கிறேன்.

மூன்று வாரம் சுட்டும் மூடி ஆடவில்லை. மே மாத விடுமுறைக்கு அண்ணன் மகள் வந்தாள். பதினைந்து வயது, அவள் படிக்கிற பள்ளியில் சுடுதல் ஒரு விளையாட்டாகச் சொல்லித் தருகிறார்கள். படியில் உட்கார்ந்து மாம்பழம் தின்றுகொண்டே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "அத்தை, உங்களுக்கு எந்தக் கண்ணு?" என்றாள்.

புரியவில்லை. இரண்டு கையையும் முன்னால் நீட்டி, உள்ளங்கைகளைச் சேர்த்து நடுவில் சின்ன ஓட்டை வைத்து, அதன் வழியே ஒரு சோடா மூடியைப் பார்க்கச் சொன்னாள். இரண்டு கண்ணும் திறந்திருக்க வேண்டும். பிறகு ஒரு கண்ணை மூடச் சொன்னாள். இடது கண்ணை மூடினேன், மூடி காணாமல் போனது. வலது கண்ணை மூடினேன், அப்படியே இருந்தது. "லெஃப்ட் ஐ. அப்ப நீங்க லெஃப்ட்ல வெச்சுதான் சுடணும்" என்று சொல்லிவிட்டு மாங்கொட்டையைச் சப்பப் போய்விட்டாள்.

எழுதுகிற கை போலவே முந்துகிற கண் என்று ஒன்று உண்டு. பலருக்குக் கையும் கண்ணும் ஒரே பக்கம் இருக்கும், சிலருக்கு மாறியிருக்கும். ஆணா பெண்ணா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பத்து வயதிலும் பத்தொன்பது வயதிலும் என் நல்ல கண்ணை மூடிக்கொண்டு மற்றக் கண்ணால் குறி பார்த்திருக்கிறேன். அதையும் யாராவது அரை நிமிடம் சொல்லித் தந்திருந்தால் சமாளித்திருக்கலாம். பலூன் கடையில் யாரும் "எந்தக் கண்ணு?" என்று கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. காரணம் அவர்களிடம் தயாராக இருந்தது.

இடது தோளுக்கு மாற்றியது, இடது கையால் சாப்பிடுவது மாதிரி இருந்தது. அன்று மாலையே ஐந்தில் இரண்டு மூடி ஆடியது. நான் கத்திய கத்தலில் அம்மா கரண்டியோடு ஓடி வந்தார்.

அண்ணன் சொல்லித் தந்த இன்னொன்றும் தப்பு என்று பிறகு தெரிந்தது. "ஆடாம இறுக்கிப் பிடி" என்பான். சுருள்வில் துப்பாக்கியை இறுக்கிப் பிடித்தால் குறி தவறும். வில் விடுபடும்போது துப்பாக்கி முதலில் பின்னால் உதைத்து, உடனே முன்னால் துள்ளும். குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே இது நடந்துவிடும். அந்தத் துள்ளலை ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி துள்ள விட வேண்டும். அதனால் முன் கட்டையைத் திறந்த உள்ளங்கையில் தூங்குகிற குழந்தையின் தலையைப் போல வெறுமனே கிடத்த வேண்டும். மூச்சை விட்டு, அடுத்த மூச்சு வருவதற்கு முன்னால் இருக்கிற சின்ன இடைவெளியில் விசையை மெல்ல அழுத்த வேண்டும். முன்குறி தெளிவாகத் தெரிய வேண்டும், மூடி மங்கலாக இருந்தால் போதும். எனக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டதால் முன்குறியும் மங்கல்தான். இரண்டு மங்கல்களுக்கு நடுவே எது கொஞ்சம் குறைந்த மங்கல் என்று தேர்ந்தெடுத்துக்கொள்கிறேன்.

போட்டியில் சுடுகிறவர்களுக்கு இதே பத்து மீட்டரில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு பொட்டு. அண்ணன் மகள் ஒரு அட்டையை விட்டுப் போயிருக்கிறாள், நான் அதைத் தொடவில்லை. ஆனால் அவளால்தான் இந்த விளையாட்டின் கதைகளைத் தேடிப் படித்தேன். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஆண்களும் பெண்களும் ஒன்றாகச் சுட்ட ரைஃபிள் போட்டியில் மார்கரெட் மர்டாக் முதலிடத்துக்குச் சமமான புள்ளி எடுத்தார். சமநிலையைப் பிரிக்கும் விதிப்படி தங்கம் லானி பாஷமுக்குப் போனது. அவர் மேடையில் மர்டாக்கையும் தன் படிக்கு ஏற்றிக்கொண்டார். 1992 பார்சிலோனாவில் ஸ்கீட் போட்டியில் சீனாவின் ஜாங் ஷான் ஆண்களையெல்லாம் தாண்டித் தங்கம் வாங்கினார். அடுத்த ஒலிம்பிக்கில் அந்தப் போட்டி ஆண்களுக்கு மட்டும் என்றாகிவிட்டது. பெண்களுக்கென்று தனி ஸ்கீட் வந்தது 2000-இல். பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் 2017 வரை ஆண்களுக்கு 60 குண்டு, பெண்களுக்கு 40. அந்த இருபது குண்டு நேரத்தில் நாம் என்ன செய்வோம் என்று நினைத்தார்களோ.

இவர்களில் எனக்கு நெருக்கமானவர் சந்திரோ தோமர். உத்தரப்பிரதேசத்தில் பாக்பத் மாவட்டத்து ஜோஹ்ரி கிராமத்துக்காரர். பேத்தியைப் பயிற்சிக்கு அழைத்துப்போன இடத்தில், அறுபது வயதுக்கு மேல், துப்பாக்கியை முதன்முதலாகக் கையில் எடுத்தவர். 2021-இல் கொரோனாவில் இறந்தார். பதக்கங்களைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அந்த முதல் நாள்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. பேத்தி தடுமாறிக்கொண்டிருக்கிறாள், பாட்டி ஓரமாக நிற்கிறார், கை சும்மா இருக்கிறது.

என் அம்மாவுக்கு எழுபத்து நான்கு. ஆரம்பத்தில், "பொழுது போகலைன்னா பருப்பாச்சும் பொடச்சு வெய்" என்பார். உளுந்தை ஊறப்போடுவது, ரேஷன் கடை, கால் வலி மாத்திரை என்று நான் உட்கார்ந்ததும்தான் அவருக்கு வேலைகள் ஞாபகம் வரும். நானும் எழுந்து எழுந்து போனேன். வீட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் அவள் காலியாக இருப்பதாக அர்த்தம். ஆனால் துப்பாக்கியில் குண்டு போட்டுவிட்டால் பாதியில் வைத்துவிட்டு வர முடியாது, வைக்கக்கூடாது. "குண்டு போட்டிருக்கேன்மா" என்ற வாக்கியம் எவ்வளவு பெரிய வேலி என்று மெதுவாகத்தான் கண்டுபிடித்தேன். "புத்தகம் படிக்கிறேன்" என்பதற்கு இந்தப் பலம் ஒரு நாளும் இருந்ததில்லை.

இப்போது அவரும் வந்து படியில் உட்கார்கிறார். சுட்டுப் பார்க்கிறீர்களா என்று கேட்டால் கையை உதறி மறுத்துவிடுகிறார். ஆனால் மூடி தொங்கவிடுகிற வேலையை எடுத்துக்கொண்டுவிட்டார். சோடா மூடிக்கு நடுவில் ஒரு மாத்திரை அட்டையைக் கட்டி வைக்கிறார், வெயிலில் அது மின்னுகிறது. நான் துப்பாக்கியை மடக்கித் தரையில் வைத்த பிறகுதான் கம்பியருகே போக வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன், ஒரு தடவைகூட மறந்ததில்லை. குண்டு தவறினால், "மேல போச்சு" "சோத்துக்கைப் பக்கம் போச்சு" என்று சொல்வார். பெரும்பாலும் சரியாக இருக்கும். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "உங்கப்பா சுடறப்ப சன்னல்ல நின்னு பாத்துட்டேதான இருந்தேன்" என்றார். சத்தம் மட்டும் கேட்டோம் என்று நான் மேலே எழுதியதை அவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

போன சனிக்கிழமை கணவர் போன் செய்தார், கிளம்பிவிட்டாயா, இருட்டுமுன் பஸ்ஸைப் பிடி என்று. என் கை அழுக்காக இருந்ததால் அம்மாதான் எடுத்தார். "வருவா இருங்க மாப்ள" என்றார். "டப்பாவுல இன்னும் மூணு கெடக்குது."