புல்தரையும் வேலியும்

கோல்ப் என்ற சொல் காதில் விழுந்ததும் நம்மவரிடையே இரண்டு விதமான சிரிப்புகள் எழுகின்றன. ஏழைக்கு ஏன் இந்த ஆசை என்று கேட்பது ஒரு சிரிப்பு. முதலாளிகளின் பொழுதுபோக்கில் நமக்கு என்ன வேலை என்று கேட்பது மற்றொரு சிரிப்பு. முதலாவது பிற்போக்கின் சிரிப்பு என்பதில் நமக்குள் கருத்து வேற்றுமை இராது. இரண்டாவது முற்போக்கின் உடை அணிந்து வருவதால் அதனை நாம் எளிதில் ஐயுறுவதில்லை. ஆயினும் இரண்டும் சென்று முடியும் இடம் ஒன்றே. வேலிக்கு வெளியே நிற்பவன் வெளியிலேயே நிற்கட்டும் என்பதுதான் இரண்டு சிரிப்புகளினதும் தீர்ப்பு.

வெறும் தர்க்கத்துக்காக நாம் இதனைச் சொல்லவில்லை. மலையகப் பாடசாலையொன்றில் தமிழ் கற்பிக்கும் நமக்கு, 'என் எதிர்காலம்' என்ற தலைப்பில் மாணவர் எழுதும் கட்டுரைகளைத் திருத்துவது ஆண்டுதோறும் வரும் கடமை. வைத்தியர், பொறியியலாளர், ஆசிரியர், கிராம உத்தியோகத்தர் என்ற வட்டத்தை விட்டு மாணவரின் கற்பனை வெளியே செல்வது அரிது. அக்கட்டுரைகளுக்கிடையே, தான் ஒரு தொழில்முறைக் கோல்ப் வீரனாகப் போவதாக ஒருவன் எழுதியிருந்தான். நுவரெலியாவுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றின் லயத்தில் வசிப்பவன். தாய் கொழுந்து பறிப்பவர். மாமன், விளையாட வருவோரின் பையைச் சுமந்து செல்லும் 'கெடி'. விடுமுறை நாட்களில் மாமனுடன் சென்று, ஆட்டம் ஓய்ந்த மாலைப்பொழுதில், யாரோ ஒரு விருந்தினர் விட்டுச்சென்ற பழைய இரும்புக் கோலால் இவனும் பந்தடித்துப் பழகியிருக்கிறான். பந்து சரியாக அடிபட்டால் கையில் எதுவுமே தெரியாது என்று அவன் எழுதியிருந்த வாக்கியத்தில் நமது சிவப்புப் பேனை சற்று நின்றது. கேட்டு எழுதியவனின் வாக்கியமன்று அது. செய்து அறிந்தவனின் வாக்கியம்.

ஆசிரியர் அறையில் இதனைப் படித்துக் காட்டியபோது, விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டாமா என்றார் ஒருவர். நெடுங்காலமாகத் தொழிற்சங்கத்தில் உழைத்துவரும் தோழரோ, "துரைமார் ஆடிய ஆட்டத்தை நம்முடைய பிள்ளை ஏன் ஆடவேண்டும்?" என்று கேட்டார். முதலாமவருக்குப் பதில் சொல்லி இடத்தை விரயமாக்க நாம் விரும்பவில்லை. தோழரின் கேள்விக்குப் பின்னால் சரித்திரம் இருக்கிறது; அது பதிலுக்கு உரியது.

நுவரெலியாவின் கோல்ப் கழகம் 1889இல் தோன்றியது. காட்டை வெட்டிக் கோப்பியும் பின்னர் தேயிலையும் நட்ட அதே ஆட்சிதான் மலைகளுக்கிடையே இந்தப் புல்தரையையும் விரித்தது. தோட்டத்தில் தொழிலாளியை நிரையில் நிறுத்தி வேலை வாங்கிய துரை, ஓய்வு நாளில் அதே தொழிலாளியின் மகனைப் பை சுமக்க வைத்தான். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் அத்தொழிலாளர்களை நாடற்றவர்களாக்கிய பின்பும் புல் ஒழுங்காக வெட்டப்பட்டே வந்தது. தோழரின் கசப்பு நியாயமானது.

எனினும் விளையாட்டு ஒன்று, அதனைச் சுற்றிய வேலி வேறொன்று. இவ்விளையாட்டின் தாயகமாகக் கருதப்படும் ஸ்கொத்லாந்தின் சென் அன்ட்றூஸ் நகரில், கடலோர மணற்புல்வெளி ஊர்ப் பொதுநிலமாக இருந்தது. அங்கே பந்தாடுவதற்கு ஊர்மக்களுக்குள்ள உரிமையை 1552ஆம் ஆண்டின் பட்டயமொன்று ஏற்றுக்கொள்கிறது. அப்பட்டயத்தின் மூலம் பேராயர் தமக்குப் பெற்றுக்கொண்ட உரிமை அந்நிலத்தில் முயல் வளர்ப்பது. உலகின் மிகப் பழைய மைதானங்களில் ஒன்றாகிய அது இன்றும் பொதுச்சொத்தே. வழமையாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம் நிறுத்தப்பட்டு, நகர மக்கள் அதில் உலாவித் திரிகிறார்கள். வேலி பிற்காலத்தது. 1829இல் கல்கத்தாவில் தொடங்கி, பேரரசு சென்ற இடமெல்லாம் விளையாட்டும் வேலியும் ஒரே கப்பலில் சென்றன.

விளையாட்டைத் தொழிலாகக் கொண்டவர்கள் யார் என்று பார்த்தால் தோழரின் கேள்வி இன்னும் இளகிவிடும். 1860 ஒக்டோபரில் பிரஸ்ற்விக் என்னுமிடத்தில் முதலாவது திறந்த போட்டி நடந்தபோது அதில் ஆடியவர்கள் எட்டுப் பேர், அனைவரும் தொழில்முறையாளர். அக்காலத்தில் தொழில்முறையாளன் என்றால் சீமான் என்பது பொருளல்ல. பை சுமந்து, பந்து செய்து, கோல் பழுதுபார்த்து, புல்தரையைக் காத்துக் கூலி பெற்றவனே அப்பெயருக்குரியவன். ஆட்டத்தில் எசமானை வென்றாலும் கழகக் கட்டிடத்தின் முன்வாசலால் அவன் நுழைய முடியாது. தங்கள் கடைகளையும் வருவாயையும் கழகங்கள் பறிக்க முற்பட்டபோது, 1901இல் பிரித்தானியத் தொழில்முறையாளர் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தார்கள். அதற்கு முன்னின்ற ஜே. எச். டெயிலர் பதினொரு வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போன ஏழைச் சிறுவன்; பின்னாளில் திறந்த போட்டியை ஐந்து தடவை வென்றவர். ஒரு தொழிற்சங்கத்தின் பிறப்பை நம் தோழர் அடையாளம் காணாதிருப்பாரா? அமெரிக்காவின் இன்வேர்னஸ் கழகம் 1920ஆம் ஆண்டின் தேசியத் திறந்த போட்டியின்போது தன் கட்டிடத்தைத் தொழில்முறையாளருக்குத் திறந்துவிட்டது. அந்தச் சிறு மரியாதை அத்தனை அரிதாக இருந்தபடியால், வீரர்கள் பணம் சேர்த்து அக்கழகத்துக்கு ஒரு பெரிய மணிக்கூட்டைப் பரிசளித்தார்கள்.

பிரஸ்ற்விக்கில் அந்த எட்டுப் பேர் ஆடி ஒரு மாதம் ஆவதற்குள், 1860 நவம்பரில், சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்றூரோ' என்ற கப்பல் தென்னாபிரிக்காவின் டேர்பன் துறையை அடைந்தது. நாற்றால் மாகாணத்துக் கரும்புத் தோட்டங்களுக்கென ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட முதற் கூட்டத்தினர் அதில் இருந்தார்கள். நம் மலையக முன்னோரைப் போன்றே கடல்கடந்து பெயர்க்கப்பட்ட அந்தச் சமூகத்திலிருந்து, ஒரு நூற்றாண்டு கழித்து, செவ்சங்கர் செவ்கோலும் என்ற கோல்ப் வீரர் தோன்றினார். 'பப்வா' என்பது அவரது செல்லப்பெயர். சிறுவயதில் கெடியாக வேலை செய்தவர். பயிற்றுநர் எவரும் இல்லை. எழுதப் படிக்கவும் தெரியாது. வலக்கைக்காரர் அனைவரும் வலக்கையைக் கீழே வைத்துக் கோலைப் பிடிக்க, அவர் இடக்கையைக் கீழே வைத்துப் பிடித்தார். பிழையென்று சொல்ல அருகில் ஒருவரும் இல்லாதபடியால் அந்தப் பிடியே அவருக்கு நிலைத்தது. தம்மிடம் வேலை செய்தவரின் திறமையைக் கண்ட ஒருவரது உதவியால் ஐரோப்பா சென்று, 1959இல் ஒல்லாந்தின் திறந்த போட்டியை வென்றார். அடுத்த ஆண்டு மீண்டும் வென்றார்.

சொந்த நாட்டில் நடந்தது வேறு. 1963இல் டேர்பனில் நாற்றால் திறந்த போட்டியை, வெள்ளை வீரர்களை எதிர்த்து ஆடி அவர் வென்றபோது, நிறவெறிச் சட்டம் கழகக் கட்டிடத்துக்குள் அவரை அனுமதிக்கவில்லை. மழையில் வெளியே நின்று அவர் கிண்ணத்தைப் பெற்றார். அந்தப் புகைப்படம் உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது. 1965இல் உலகப் புகழ்பெற்ற கறி பிளேயரை முந்தி அதே போட்டியை மறுபடியும் வென்றார். அதன்பின் அதிக காலம் செல்லுமுன் பெரிய போட்டிகளின் கதவுகள் அவருக்கு அடைக்கப்பட்டன. 1978இல் வறியவராகவே மறைந்தார். நகரத்தின் கோல்ப் மைதானம் ஒன்று இப்போது அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மழையில் நிறுத்திய ஊர், மறைந்த பின் பெயர்ப்பலகை நாட்டியது.

இது ஆபிரிக்காவில் மட்டும் நிகழ்ந்த அநீதியன்று. அமெரிக்கத் தொழில்முறையாளர் சங்கத்தின் யாப்பில், உறுப்பினர் வெள்ளை இனத்தவராகவே இருக்கவேண்டும் என்ற விதி 1961 வரை எழுத்தில் இருந்தது. கழகங்களின் அநீதிக்கு எதிராக ஓர் நாட்டில் எழுந்த சங்கம், இன்னொரு நாட்டில் தானே வேலியாயிற்று. அவ்விதியை எதிர்த்து நின்ற சார்லி சிஃபோர்ட்டும் சிறுவயதில் கெடியாக இருந்தவரே. 1967இல் பெரிய போட்டியொன்றை அவர் வென்றபோது வயது நாற்பத்தைந்து. இளமையின் நல்ல ஆண்டுகள் அனைத்தையும் வேலி தின்றுவிட்டிருந்தது.

நமக்கு அருகிலும் சான்றுகள் உண்டு. டெல்லியில் கெடியாக இருந்த அலி ஷேர் 1991இல் இந்தியத் திறந்த போட்டியை வென்றார். பெங்களூரில் கெடியாக இருந்த முனியப்பா 2009இல் அதே போட்டியை வென்றார். கல்கத்தாக் கழகத்தில் புல்தரை காத்தவரின் மகனான சௌராசியா 2016இலும் 2017இலும் தொடர்ந்து வென்றார். நம் நாட்டின் மிதுன் பெரேரா, தங்கராஜா ஆகியோர் இந்தியத் தொழில்முறைச் சுற்றில் ஆடி வெற்றிகள் பெற்றிருக்கிறார்கள். ஆகவே மாணவனின் அபிலாஷை ஆகாயத்திலிருந்து குதித்ததல்ல. அதற்கு ஒரு பரம்பரை உண்டு; அது பை சுமந்தவர்களின் பரம்பரை.

ஆனால் நான்கைந்து பெயர்களைச் சொல்லி ஒரு பிள்ளையின் முதுகில் தட்டி அனுப்பிவிடுவது ஆசிரியனுக்கு அழகாகாது. வென்றவனின் பெயரை மட்டும் காட்டி, வாசல் திறந்திருக்கிறது என்று சொல்வது முதலாளித்துவத்தின் பழைய தந்திரம். ஒருவன் உள்ளே போன வாசலில் எத்தனை பேர் நின்று திரும்பினார்கள் என்ற கணக்கையும் சொல்வதே நேர்மை. மாணவனை அழைத்துப் பேசினோம்.

"நான் எழுதினது பிழையா சேர்?" என்றான்.

"பிழையில்லை தம்பி. கணக்கைத்தான் நீ முடிக்கவில்லை. பதினெட்டுக் குழியும் ஆடி முடிக்க உனக்கு எத்தனை அடி தேவைப்படுகிறது?"

"தொண்ணூற்றி நாலு. மாமாதான் எண்ணினாரு. ஆனா பதினெட்டும் முழுசா ரெண்டு தரந்தான் ஆடியிருக்கேன் சேர்."

வாழ்நாளில் இரண்டு தரம் முழு ஆட்டம் ஆடிய ஒருவன் தொண்ணூற்று நான்கு அடிகளில் முடித்தது சிறிய காரியமல்ல. ஆனால் தொழில்முறை வீரன் எழுபதை ஒட்டிய அடிகளில் முடிக்கவேண்டும். அதுவும் ஒருநாள் தற்செயலாக அல்ல, நான்கு நாட்கள் தொடர்ந்து, எழுபத்திரண்டு குழிகளுக்கும். முதலில் குறையும் பத்து அடிகள் உற்சாகத்தால் குறையும். கடைசிப் பத்து அடிகள் ஆண்டுக்கணக்கான பயிற்சியால் மாத்திரமே குறையும். பையில் வைத்திருக்கக்கூடிய கோல்கள் பதினான்கு. அவற்றைப் புதிதாக வாங்கப் பல இலட்சம் ரூபா வேண்டும். 2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது என்பதை அருகில் வைத்துப் பார்த்தால் கணக்கின் கொடுமை புரியும். தொழில்முறைச் சுற்றில் நுழைவதற்கே தகுதிப் போட்டியும் அதற்குக் கட்டணமும் உண்டு. பிரயாணம், தங்குமிடம், தன் பையைச் சுமப்பவனின் கூலி அனைத்தும் வீரனின் கைப்பணம். வழமையான போட்டியில் இரண்டாம் நாள் முடிவில் பின்தங்கியோர் நீக்கப்படுவர்; ஆடியவரில் ஏறத்தாழப் பாதிப்பேர் வெறுங்கையுடன் வீடு திரும்புவர்.

இத்தனையும் கேட்ட பின், "அப்போ படிப்பை விட்டுட்டு முழுநாளும் பழகினாத்தானே சேர் முடியும்?" என்றான். அதுதான் ஆபத்தான வாசல். பப்வாவின் கதையை அவனுக்குச் சொன்னோம். கையில் அத்தனை திறமை இருந்தும், தன் பெயர் எழுதிய காகிதத்தைப் பிறர் வாசித்துச் சொல்லக் கேட்கவேண்டியிருந்த மனிதனின் நிலையைச் சொன்னோம். கணக்கும் ஆங்கிலமும் உடற்றொழிலியலும் பந்தாட்டத்துக்குப் பகையல்ல. ஒப்பந்தத்தை வாசிக்கத் தெரிந்தவனை ஏமாற்றுவது கடினம். தொழில்முறையாளர் எல்லோரும் கிண்ணம் தூக்குவோர் அல்லர். பெரும்பாலோர் பிறருக்கு ஆட்டம் கற்பித்து வாழ்வோர் என்பதையும் சொன்னோம். கற்பிப்பது தாழ்ந்த தொழிலா என்று கேட்டபோது அவன் நம்மைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் மட்டும் நமக்குக் குறையொன்றும் தோன்றவில்லை.

அவன் வெல்வானா என்பதை நாம் அறியோம். வெல்லாதவர்களே மிகப் பெரும்பான்மையினர். ஆனால் தோற்பதற்கும் ஓர் உரிமை உண்டு. செல்வந்தனின் மகன் நாள்தோறும் ஆடிப் பார்த்து, தன்னால் இயலாதென்று கண்டு, வேறு தொழிலுக்குப் போகிறான். தொழிலாளியின் மகனோ தன்னால் இயலுமா இயலாதா என்பதை அறியும் முன்னரே விலக்கப்படுகிறான். வறுமை பறிக்கும் பொருள்களில் இதுவும் ஒன்று; தன் திறமையின் எல்லையைத் தானே கண்டறியும் வாய்ப்பு அது.

தொழிற்சங்கத் தோழரிடம் நாம் கேட்பது இதைத்தான். உலகின் பல கழகங்களில், கெடிகள் வாரத்தில் ஒருநாள் மைதானத்தில் ஆடலாம் என்ற வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அந்த ஒருநாளின் ஒரு மாலைப்பொழுதை அயலிலுள்ள தோட்டப் பாடசாலைகளின் பிள்ளைகளுக்கும் திறந்துவிடும்படி கேட்டால் என்ன? ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமன்றிப் பெண்பிள்ளைகளுக்கும் கேட்டால் என்ன? பழைய கோல்கள் சிலவற்றைப் பாடசாலையின் விளையாட்டு அறையில் வைப்பதற்குப் பெரும் நிதி தேவையில்லை. சம்பளத்துக்கும் காணிக்கும் வீட்டுக்கும் நடக்கும் போராட்டத்தை இக்கோரிக்கை பலவீனமாக்காது. லயத்தில் பிறந்தவன் மனிதனுக்குரிய எதனையும் விரும்பத் தகுதியுள்ளவன் என்ற உண்மையிலிருந்துதான் அப்போராட்டங்களும் பிறக்கின்றன.

மலையை வெட்டிச் சமன்செய்த கைகள் எவருடையவை என்பது நமக்குத் தெரியும். அந்தப் புல்லை வெட்டும் கைகளையும் நாம் அறிவோம். அக்கைகளில் ஒன்று கோலைப் பிடிக்க விரும்பும்போது சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். ஆசிரியரும் மாணவரும் அவர்களோடு சேர்ந்து சிரிக்கவேண்டாம்.