ஆமைக்கு மீன் வேண்டாம்

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. இவ்விரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவைத்த முன்னோரின் குறும்பை எண்ணி நான் நகைத்ததுண்டு. ஆமையின் பின்னால் அமீனாவும் வருவதற்கு இன்று சட்டத்திலேயே இடமிருக்கிறது. அதைப் பின்னர் கூறுகிறேன். முதலில் வீட்டுக்குள் புகுந்த ஆமை என்ன பாடுபடுகிறது என்பதைப் பார்ப்போம். ஏனெனில் உருப்படாமற் போவது பெரும்பாலும் வீடன்று, ஆமையே.

தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னக்காயலில் ஆமை என்றால் கடலாமைதான் மக்கள் மனத்தில் தோன்றும். வலையில் சிக்கும் ஆமையும் கரையேறி முட்டையிடும் ஆமையும் அவர்கள் அறிந்தவை. வறண்ட நிலத்தில் உடைமரத்தின் அடியிலும் புதரின் நிழலிலும் வாழும் நட்சத்திர ஆமையை அவர்கள் அதிகம் அறியார். கருத்த ஓட்டின் மேல் மஞ்சட் கதிர்கள் விண்மீன் போல் விரிந்திருக்கும் அந்த அழகே அதற்குப் பகையாயிற்று. குஜராத், ராஜஸ்தான் தொடங்கி ஆந்திரம், தமிழகம், இலங்கை வரையில் அது வாழும் இடங்களிலெல்லாம் மனிதர் அதைப் பிடித்து விற்கின்றனர்.

வீடு சந்திக்கச் சென்ற ஒரு மாலையில் அத்தகைய ஆமை ஒன்றைக் கண்டேன். உறவினர் ஒருவர் எங்கிருந்தோ கொண்டுவந்து பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறார். கடல்நீர் நிறைந்த வாளியில் அது மூக்கை மட்டும் மேலே நீட்டியபடி தத்தளித்துக்கொண்டிருந்தது. நீரில் சாளைமீன் துண்டுகள் மிதந்தன.

"சாமி, நாலு நாளா ஒண்ணுமே தின்னல" என்றான் சிறுவன்.

"பழங்கஞ்சி வச்சேன், வாழைப்பழம் வச்சேன். பழத்த மட்டும் கொஞ்சம் கடிச்சுது. பொறவு வயித்தால போகுது, சாமி" என்றார் பாட்டியார்.

அவர்கள் கூறியதில் அன்புக்குக் குறைவில்லை. வீட்டில் உள்ளவற்றுள் நல்லவற்றையெல்லாம் அதன் முன் வைத்திருந்தார்கள். ஆயினும் அந்த உணவெல்லாம் அவர்களுடைய உணவு, ஆமையின் உணவன்று.

தொடக்கநூலின் முதல் அதிகாரத்திலேயே விலங்குகளின் உணவைப் பற்றிய பேச்சு வந்துவிடுகிறது. தரைவாழ் உயிர்களுக்கு இறைவன் பசும்பூண்டுகளை உணவாகத் தந்தார் என்று அங்கே காண்கிறோம். மனிதன் படைக்கப்பட்டதைப் பற்றி மறையுரை ஆற்றும் அவசரத்தில் அந்த அடுத்த வசனத்தை நாங்கள் குருக்கள் விரைந்து கடந்துவிடுவோம். நட்சத்திர ஆமையைப் பொறுத்தவரையில் அவ்வசனம் ஏறத்தாழ எழுத்துக்கு எழுத்து உண்மை. அதன் இயல்பான உணவு புல், பூண்டு, இலை, பூ ஆகியவையே. உதிர்ந்த கனி கிடைத்தால் உண்ணும். செத்த பிராணி வழியில் கிடந்தால் அதையும் கடித்துப் பார்க்கும். ஒன்றை அது தின்கிறது என்பதால் அது அதற்கு ஏற்ற உணவு ஆகிவிடாது. நம் பிள்ளைகளும் மூன்று வேளையும் மிட்டாய் கொடுத்தால் மறுக்கமாட்டார்களே!

காரணம் அதன் குடலில் இருக்கிறது. புல்லில் உள்ள நார்ப்பொருளை ஆமையால் தானே செரிக்க இயலாது. அதன் பெருங்குடலில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அவை நாரை மெல்ல மெல்லப் புளிக்கவைத்துச் சத்தாக மாற்றித் தருகின்றன. மாட்டின் முன்வயிற்றில் நடப்பதைப் போன்ற வேலை ஆமைக்குப் பின்குடலில் நடக்கிறது. உட்கொண்ட உணவு வெளியேறப் பல நாட்கள், சில வேளைகளில் வாரங்கள் கூட ஆகும். அந்த நீண்ட பயணத்துக்கு நார் வேண்டும். நாரற்ற சோறும் சர்க்கரை மிகுந்த பழமும் சென்றால் உள்ளே கட்டின்றிப் புளித்து வாயு உண்டாகும், கழிச்சல் காணும், கேடு செய்யும் கிருமிகள் பெருகும். மீனிலும் முட்டையிலும் உள்ள மிகுதியான புரதமோ சிறுநீரகத்துக்குச் சுமையாகிறது.

அவ்வீட்டுத் தலைவர் கடற்றொழிலாளி. "தண்ணியில கிடக்குற ஆம மீன் தின்னாதா, சாமி?" என்று கேட்டார். நான் அவரையே திருப்பிக் கேட்டேன்: "பேராமை என்ன தின்னும், நீங்களே சொல்லுங்க." அவர் சற்றே சிரித்துவிட்டு, "கடல்புல்லத்தான் மேயும்" என்றார். ஆம், மன்னார் வளைகுடாவின் கடற்புல் பரப்புகளில் வளர்ந்த பேராமைகள் மாடுபோல் மேய்கின்றன. கடலாமையிலேயே புல்லுண்ணும் இனம் இருக்கும்போது தரையாமைக்கு மீன் எதற்கு? வேறு விளக்கம் அவருக்குத் தேவைப்படவில்லை.

அப்படியானால் எதைக் கொடுப்பது? உணவில் பத்துக்கு எட்டுப் பங்கு புல்லும் களைப்பூண்டும் இருக்கட்டும். நம் வீட்டு முற்றத்து அறுகம்புல்லைவிடச் சிறந்தது இல்லை. பச்சைப்புல் கிடைக்காத கோடையில் உலர்ந்த புல்லை நறுக்கி நீரில் நனைத்து வைக்கலாம். செம்பருத்தியின் இலையும் பூவும், முசுக்கொட்டை இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளியின் மடல் ஆகியவை மிக நல்லவை. முருங்கைக்கீரையில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. ஆனால் புரதமும் மிகுதி. ஆதலால் எப்போதாவது ஒரு கொத்து போதும். பசலை போன்ற கீரைகளில் உள்ள ஒருவகை அமிலம் சுண்ணாம்புச் சத்தை உடலில் சேரவிடாது கட்டிவைத்துவிடும்; அவற்றை நாள்தோறும் தரலாகாது. மருந்து தெளித்த புல் எவ்வளவு பசுமையாயினும் வேண்டாம். சோறு, ரொட்டி, பால், பிஸ்கட்டு ஆகியவற்றைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

சுண்ணாம்புச் சத்துக்கு நம் ஊரார் ஒரு காசும் செலவிட வேண்டியதில்லை. மேல்நாடுகளில் ஆமை வளர்ப்போர் கடையில் விலைகொடுத்து வாங்கும் கணவாய் ஓடு, நம் கடற்கரையில் கேட்பாரற்றுக் கிடக்கிறது. சித்த வைத்தியர்கள் கடல்நுரை என்று கூறுவதும் அதுவே. அதை நன்னீரில் ஊறவைத்து, நீரைப் பலமுறை மாற்றி, உப்பு நீங்கியபின் வெயிலில் உலர்த்தி ஆமையின் அருகில் இட்டால் வேண்டியபோது கொறித்துக்கொள்ளும். அச்சத்து எலும்பிற் சேரக் காலை வெயில் இன்றியமையாதது. வெயிலின் வெம்மை இல்லாவிடில் செரிமானமே நடைபெறாது. குடிப்பதற்குத் தட்டையான தாலத்தில் நன்னீர் எப்போதும் இருக்கவேண்டும். ஆழமான வாளி கூடாது.

ஆமையின் ஓடு சட்டைபோல் அணிந்துகொண்டதன்று. முதுகெலும்பும் விலாவெலும்பும் ஒன்றாக இணைந்து உருவான உயிருள்ள எலும்பு அது. வளர்ப்பில் குறை நேர்ந்தால் அதன் கட்டங்கள் ஒவ்வொன்றும் கூம்பு கூம்பாக எழும்பிவிடும். நட்சத்திர ஆமைக்கு இயல்பாகவே சிறிது புடைப்பு உண்டு. நான் குறிப்பிடுவது அளவுகடந்த புடைப்பு. புரதமே இதற்குக் காரணம் என்று நெடுநாள் நம்பியிருந்தார்கள். ஆப்பிரிக்க ஆமைக் குஞ்சுகளை வைத்து வியன்னாவில் நடத்தி 2003-இல் வெளியிட்ட ஆய்வில், காற்றில் ஈரம் குறைவதே அதைவிடப் பெரிய காரணம் என்று கண்டனர். ஆகவே உணவைத் திருத்துவதோடு, குஞ்சுகள் ஒதுங்க ஈரமான ஓர் இடமும் அமைத்துத் தரவேண்டும்.

இத்தகைய கவனிப்புக்கு முன்னோடியாக நான் மதிப்பவர் இங்கிலாந்தின் செல்போர்ன் என்னும் சிற்றூரில் வாழ்ந்த கில்பர்ட் ஒயிட். அவர் நம் சபையினர் அல்லர், ஆங்கிலிக்கன் குருவானவர். தம் அத்தையார் வளர்த்த திமோத்தி என்னும் ஆமையை 1780-இல் தம் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். அதன் மீது எதையும் திணிக்காமல் அது எதைத் தேடிச் செல்கிறது என்று பொறுமையாக நோக்கினார். பால் வடியும் பூண்டுகளையே அது விரும்புகிறது என்று குறித்துவைத்தார். 1793-இல் அவர் இறந்த பின்னும் ஆமை சிறிது காலம் வாழ்ந்தது. அது பெண் ஆமை என்பது பிற்பாடுதான் தெரியவந்தது! ஊட்டுவதற்கு முன் உற்றுநோக்கும் இந்த மரியாதையைத்தான் நம் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர விரும்புகிறேன்.

இனி அமீனாவின் பேச்சுக்கு வருவோம். நட்சத்திர ஆமை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளது. 2022-இல் செய்யப்பட்ட திருத்தம் அதைப் புலியும் யானையும் இடம்பெறும் முதல் அட்டவணைக்கு உயர்த்திவிட்டது. பிடித்தாலோ விற்றாலோ மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறையும் 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் காத்திருக்கின்றன. வீட்டில் வைத்து வளர்ப்பதற்கும் இடமில்லை. ஆகவே மேலே கூறிய உணவு முறை, முறைப்படி பதிவு செய்து வெளிநாட்டுத் தரையாமை வளர்ப்போருக்கும், கைக்கு வந்துவிட்ட நட்சத்திர ஆமையை ஒப்படைக்கும் வரையில் காப்போருக்கும் உரியது.

இதைக் கேட்டதும் தாயார் நடுங்கிப்போய், "இப்பவே ஆத்துமுகத்துல விட்டுட்டு வரட்டுமா, சாமி?" என்றார். அன்பர்களே, இந்த இடத்தில்தான் அந்த உயிரின் வாழ்வும் சாவும் தொங்கின. தரையாமைக்கு நீந்தும் துடுப்புக்கால் இல்லை. ஆழ்நீரில் விட்டால் மூழ்கி இறந்துவிடும். அருகிலுள்ள புதரில் விடுவதும் தகாது. வீட்டில் ஒட்டிக்கொண்ட நோயை அங்குள்ள ஆமைகளுக்கு அது கொண்டுபோய்ச் சேர்க்கும். எந்த நாட்டுப் பகுதியைச் சேர்ந்தது என்பதும் தெரியாது. வனத்துறையிடம் தாமாக முன்வந்து ஒப்படைப்பதே நேர்வழி.

தந்தையார் தயங்கினார், நானும் உடன் வருவதாகக் கூறினேன். அழுதவன் சிறுவன்தான். இரண்டு நாள் அதற்குப் புல் பறித்துப் போடும் பொறுப்பை அவனிடமே விட்டேன். முதல் நாள் அது அசையவில்லை. மறுநாள் காலை வெயிலில் அறுகம்புல்லைக் கடித்து இழுத்ததைப் பார்த்துவிட்டு, திருப்பலிக்கு மணியடிக்கும் நேரத்தில் அவன் பங்குமனைக்கு ஓடிவந்து சொன்னான். அன்று பிற்பகல் மூடியில் துளையிட்ட அட்டைப்பெட்டியில் ஆமையை வைத்து மூவருமாகப் புறப்பட்டோம். பெட்டிக்குள் ஒரு பிடி புல்லும் ஒரு துண்டு கணவாய் ஓடும் இருந்தன.